தலைக்கவசம் மட்டும் போதுமா? கட்டட வேலைப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சொந்த வீடு கட்டுகிறேன். மேஸ்திரி ஒருவரிடம் சதுர அடிக் கணக்கில் கூலி ஒப்பந்தமாக வேலையை விட்டிருக்கிறேன். கொத்தனாரும் சித்தாளுமாக ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஹெல்மெட், ஷூ, கையுறை ஆகியவற்றை வாங்கித் தருவது யார் பொறுப்பு?
– வாசகர், தஞ்சாவூர்

யார் வாங்கினாலும் தொழிலாளியின் கூலியில் அதைப் பிடித்தம் செய்யக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், பாதுகாப்புக்காகச் செய்து தரப்படும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று வேலை கொடுப்பவருக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் அச்சட்டத்திலுள்ள ‘கட்டட வேலை’ என்பதன் வரையறைக்குள், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் செய்யும் வேலையும், 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டிக்கொள்ளும் வீடும் வருவதில்லை. ஏழெட்டுப் பேர் மட்டும் வரும் உங்கள் வீட்டு வேலையும் இந்த விலக்கில்தான் சேரும். முன்பிருந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொந்த வீட்டுக்கான இந்த வரம்பு 10 லட்சமாக இருந்தது. தமிழ்நாட்டில் வீடு கட்டும் வேலையில் பெரும்பகுதி இத்தகைய சிறிய இடங்களில்தான் நடக்கிறது என்பதை நினைத்தால், இந்த விலக்கு எனக்கு உவப்பானதாக இல்லை.

நடைமுறையில் வீட்டு உரிமையாளரான நீங்களே வாங்கி வைப்பது நல்லது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலை எடுத்தவர், செலவு கூடும்போது முதலில் கைவைப்பது இதில்தான். ஒப்பந்தத் தாளில் இதைத் தனி இனமாக எழுதிவிட்டால் பின்னால் தகராறு வராது.

கேள்வி: நான் மேஸ்திரி. இரண்டு மாடி வீட்டில் வெளிப்பூச்சு நடக்கிறது. ஆட்களுக்கு இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதைச் சவுக்குச் சாரத்திலேயே மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். இது சரிதானே?
– வாசகர், திருப்பூர்

வாங்கிக் கொடுத்த உங்கள் அக்கறையைப் பாராட்ட வேண்டும். ஆயினும் இதில் மூன்று குறைகள் இருக்கின்றன.

முதலாவது, இடுப்பு பெல்ட். விழும் உடலை அது நடுவில் பிடித்து நிறுத்துவதால் முழு அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்டே உயரத்தில் வேலை செய்வதற்கு உரியது. ஐ.எஸ். 3521 என்ற தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, மாட்டும் இடம். கயிற்றால் கட்டிய சவுக்குக் கம்பு, தன்மேல் நிற்கும் ஆளையும் பலகையையும் சாந்துச் சட்டியையும் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. விழுகிறவரின் திடீர் இழுப்பை வாங்குவதற்காக அன்று. கொக்கி மாட்டும் இடம் ஏறத்தாழ 1,200 கிலோ எடைக்கு ஈடான இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரங்களில் உள்ள கணக்கு. சாரமே சரிந்தால் அதில் மாட்டிய பெல்ட் ஆளையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். மொட்டைமாடியில், கான்கிரீட் இறுகிய தூணைச் சுற்றித் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டிச் சுவரோரமாகத் தொங்கவிட்டு, அதில் ஆளோடு நகர்ந்து, திடீரென இழுத்தால் இறுகிக்கொள்ளும் பிடிப்பானில் கொக்கியை மாட்டுவதே முறை. கயிறு சுவர் விளிம்பில் உராயும் இடத்தில் சாக்கையோ ரப்பரையோ மடித்து வைக்க வேண்டும்.

மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. அதிர்ச்சி தாங்கி பொருத்திய 2 மீட்டர் கயிற்றைக் காலடி மட்டத்தில் மாட்டியிருந்தால், ஆள் விழும்போது முதலில் கயிறு முழுவதும் நீள வேண்டும். பிறகு தாங்கியின் மடிப்புகள் பிரிந்து ஒன்றே முக்கால் மீட்டர் வரை நீளலாம். அதற்குக் கீழே அவருடைய உடல் ஒன்றரை மீட்டர் தொங்கும். இவற்றோடு ஒரு மீட்டர் இடைவெளியும் விட்டால், கொக்கிக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். ஒரு மாடியின் உயரமோ ஏறத்தாழ 3 மீட்டர்தான். ஆகவே முதல் மாடி உயரத்தில் காலடியில் மாட்டிய பெல்ட், ஆள் தரையில் மோதிய பிறகே இறுகும். கொக்கி எப்போதும் தலைக்கு மேலே இருக்க வேண்டும், கயிறும் குட்டையாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் விழுந்து தொங்கினால், தொடைப் பட்டைகள் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அவரை எந்த ஏணியால், யார் இறக்குவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். சிறிய வீட்டு வேலையில், இடுப்பு உயரத்துக்குக் குறுக்குக் கம்பு கட்டி, பலகைகளை இடைவெளியின்றிப் பரப்பி, அவை நகராமல் கட்டிய நல்ல சாரம் எந்த பெல்ட்டையும்விட மேலானது.

கேள்வி: மவுலிவாக்கத்தில் கட்டடமே இடிந்து விழுந்தது. அங்கே ஹெல்மெட் யாரைக் காப்பாற்றியிருக்கும்?
– வாசகர், சென்னை

யாரையும் காப்பாற்றியிராது. 2014 ஜூன் 28 அன்று, கட்டி முடிக்கப்படாத அந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அடித்தளக் குழி தோண்டும்போது மண் சரிவதும் இத்தகையதே. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அதன் எதிரே நிற்கக்கூடிய உடுப்பு எதுவும் இல்லை. குழியின் பக்கங்களைச் சரிவாக வெட்டுவதும் முட்டுக்கொடுப்பதும்தான் அங்கே பாதுகாப்பு. ஆபத்தை அகற்றுவது, அகற்ற முடியாவிட்டால் தடுப்பு அமைப்பது, அதற்கும் மிஞ்சியதற்குக் கவசம் அணிவது என்ற வரிசையைத் தலைகீழாக்கி, ஹெல்மெட்டைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கருதும் நிறுவனங்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் கோபம் நியாயமானது.

கேள்வி: என் அம்மா சித்தாள் வேலை செய்கிறார். சும்மாடு வைத்துக் கலவைச் சட்டியைச் சுமக்கும்போது ஹெல்மெட் போடுவது எப்படி? அவருடைய கால் விரல் இடுக்குகளிலும் கைகளிலும் எப்போதும் புண் இருக்கிறது.
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

சும்மாட்டையும் ஹெல்மெட்டையும் ஒன்றாக வைக்க முடியாது. ஹெல்மெட்டின் மேல் சட்டியை வைத்தால் அது நிலையாக நிற்காது. உள்ளே இருக்கும் பட்டைகளும் தளர்ந்துபோகும். எனவே வேலை முறைதான் மாற வேண்டும். தரையில் தள்ளுவண்டியும், மாடிக்குக் கப்பியோ சிறு லிஃப்டோ இருந்தால் தலைச்சுமை பெருமளவு குறையும். அது வரும்வரை, சாரத்துக்குக் கீழே சித்தாள்கள் நடக்காதபடி வேறு வழி விட வேண்டும். சுமை இல்லாத நேரத்தில் அம்மா ஹெல்மெட் அணிந்துகொள்ள வேண்டும்.

புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் சிமென்ட்டாக இருக்கலாம். ஈரக் கலவையின் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கு மேல் இருக்கும். தோலை அது மெதுவாக அரிப்பதால் எரிச்சல் தெரியவே சில மணி நேரம் ஆகலாம். சிமென்ட்டிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமைப் படையாகவும் மாறும். துணிக் கையுறை கலவை நீரை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைப்பதால், அதை அணிவது வெறுங்கையைவிடக் கெடுதல். ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறையும், கால் அளவுக்குப் பொருந்தும் கம்பூட்டும் வேண்டும். பெண்களின் கால் அளவில் கம்பூட் கிடைக்கவில்லை என்று ஆண்களுடையதைக் கொடுப்பார்கள். தளர்ந்த கம்பூட்டோடு ஏணி ஏறினால் வழுக்கும் என்பதால் அதை ஏற்க வேண்டாம். கலவை உள்ளே புகுந்தால் உடனே கழற்றி நிறைய நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இப்போதுள்ள புண்ணைத் தோல் மருத்துவரிடம் காட்டி, சிமென்ட் வேலை என்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரானைட் அறுக்கும்போது முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறோம். தூசிக்கு அது போதாதா?
– வாசகர், கிருஷ்ணகிரி

போதாது. கல்லை அறுக்கும்போது பறந்து நுரையீரலின் ஆழம்வரை செல்லும் சிலிக்கா துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. துண்டின் நூலிடைவெளி அதற்கு வாசல்தான். அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. அறுக்கும் பிளேடில் தண்ணீர் விழும்படி செய்வது முதல் வேலை. ஈரத்தில் அறுப்பதால், மெஷினின் வயரும் மின் இணைப்பும் பழுதில்லாமல் இருப்பதோடு, மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். அதோடு என்-95 அல்லது எஃப்.எஃப்.பி.-2 முகக்கவசத்தை மூக்குப் பாலத்தில் அழுத்திப் பொருத்துங்கள். தாடி இருந்தால் ஓரங்களில் காற்று புகுந்துவிடும். கண்களுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி தேவை.

கேள்வி: பைக் ஹெல்மெட்டையே வேலையிடத்தில் போட்டுக்கொள்ளலாமா? ஒரு ஹெல்மெட் எத்தனை ஆண்டு உழைக்கும்?
– வாசகர், மதுரை

வேண்டாம். வேலையிட ஹெல்மெட்டின் தர எண் ஐ.எஸ். 2925, பைக்குக்குரியது ஐ.எஸ். 4151. முன்னதில் ஓட்டுக்கும் தலைக்கும் இடையே பட்டைகள் தரும் இடைவெளிதான் மேலிருந்து விழும் பொருளின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. பைக் ஹெல்மெட் காதை மூடுவதால் மேலிருந்து ஒருவர் எச்சரித்துக் கத்துவது சரியாகக் கேட்காது. வேலை முடிந்து மஞ்சள் ஹெல்மெட்டோடு பைக்கில் போகிறவர்களையும் நாம் தினமும் பார்க்கிறோம், அதுவும் தவறுதான்.

ஓட்டின் உட்புறத்தில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். தயாரிப்பாளர்கள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சொல்வார்கள். நம் வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும் என்பதால், நிறம் வெளுத்து ஓடு சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆனால் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஒருமுறை பலத்த அடி வாங்கியதை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி அணியக் கூடாது. காற்றுக்காக ஓட்டில் துளை போடுவதும், தின்னர் கலந்த பெயின்ட்டால் பெயர் எழுதுவதும் ஓட்டைப் பலவீனப்படுத்தும். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் கடையில் நின்றபடியே சரிபார்த்துக்கொள்ளலாம்.