கவுன்சிலரம்மாவின் கணவர் நல்லவர்தான்

கேள்வி: பொது வாழ்வில் உறுதியும் நளினமும் ஒருங்கே அமைந்த பெண்கள் என்றால் எனக்கு இந்திரா காந்தி, ஜெயலலிதா, கிரண் பேடி மூவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்த நடை, அந்தப் பார்வை, அந்தக் கம்பீரம்! நீங்கள் வியக்கும் பெண்மணி யார்? இன்று அப்படி யாரும் வராதது ஏன்? (பி.கு.: எங்கள் வார்டு கவுன்சிலரும் ஒரு பெண்தான். அவருடைய கணவர் மிகவும் நல்லவர். ஊருக்கு நிறையச் செய்கிறார். அவரை ஒருமுறை பேட்டி எடுத்துப் போடலாமே?)

(கடலூர் மாவட்ட வாசகர். ஊர்ப் பெயரை நானே எடுத்துவிட்டேன். கவுன்சிலர் வீட்டில் சண்டை வர நாம் காரணமாக வேண்டாம்.)

பதில்: உங்கள் கடிதத்தின் உயிர் பின்குறிப்பில்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த 'நளினம்'.

காமராஜரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவர் மேடைக்கு நளினமாக நடந்து வந்தார் என்று யாராவது எழுதிப் படித்திருக்கிறீர்களா? திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது கறாரானவர் என்று பேர் எடுத்தவர். அதைச் சொல்லிவிட்டு, 'ஆனாலும் நளினம் குறையாதவர்' என்று அடுத்த வரியில் யாரும் சேர்ப்பதில்லை. ஆணுக்கு உறுதி இருந்தால் போதும். பெண்ணுக்கு உறுதி இருந்தால், அது பார்க்கிறவர் கண்ணை உறுத்தாமலும் இருக்க வேண்டும். உறுத்தாத பாகத்துக்கு நாம் வைத்த பெயர்தான் நளினம். பாராட்டு மாதிரி தெரியும், உண்மையில் நிபந்தனை.

உறுதியையும் விடுவதாக இல்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது இந்திரா காந்தி காட்டியது உறுதி. 1975 ஜூனில் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்து எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறையில் தள்ளியதும் அதே உறுதிதான். ஜெயலலிதா முதல்முறை முதல்வராக இருந்தபோது 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. சொத்துக் குவிப்பு வழக்கும் அந்த ஐந்தாண்டைப் பற்றியதுதான். ஒன்றுக்குக் கைதட்டலாம், இன்னொன்றுக்குக் கணக்குக் கேட்கலாம். நடையையும் பார்வையையும் வியக்க ஆரம்பித்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து 'இரும்புப் பெண்மணி' என்றாகிவிடும். இரும்பிடம் யார் கணக்குக் கேட்பது?

கிரண் பேடிக்கு வருகிறேன். 1972இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை, நானும் வியந்திருக்கிறேன். ஆனால் 2016இல் துணைநிலை ஆளுநராகப் புதுச்சேரிக்கு வந்த பிறகு அவருக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கும் நடந்த இழுபறி ஊருக்கே தெரியும். 2019 பிப்ரவரியில் முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு, துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். சண்டை அதிகாரம் யாருக்கு என்பது. தெருவில் பேசப்பட்டது அதுவல்ல. ஒரு பக்கம் 'பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது', இன்னொரு பக்கம் 'சிங்கம்டா'. டீக்கடை பெஞ்சில் இரண்டையும் ஒரே காலையில் கேட்டிருக்கிறேன். நியமிக்கப்பட்டவர் பெரியவரா, தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெரியவரா என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

அந்த ராஜ் நிவாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் சந்திராவதி, 1995இல் ராஜேந்திர குமாரி பாஜ்பாய், 1998இல் ரஜனி ராய், 2016இல் கிரண் பேடி, 2021இல் கூடுதல் பொறுப்பாகத் தமிழிசை சௌந்தரராஜன். ஐந்து பெண்கள், ஐந்து பேரையும் அனுப்பியது டெல்லி. அதே ஊரில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களைப் பார்க்கலாமா? 1980இல் ரேணுகா அப்பாதுரை அமைச்சரானார். அடுத்த பெண் அமைச்சர் 2021இல் சந்திர பிரியங்கா, காரைக்கால் பக்கத்து நெடுங்காடு தனித் தொகுதியிலிருந்து வந்தவர். நடுவில் நாற்பது வருஷம். 2021 தேர்தலில் முப்பது தொகுதிகளில் ஜெயித்த ஒரே பெண்ணும் அவர்தான். 2023 அக்டோபரில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். சாதி ரீதியாகவும் பாலின ரீதியாகவும் தான் தாக்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தார். அவரே விலகினாரா, அதற்கு முன்பே நீக்க முடிவெடுத்துவிட்டார்களா என்று அப்போது ஒரு சர்ச்சை ஓடியது. அது எப்படியோ போகட்டும். இன்று யாரும் வராதது ஏன் என்று கேட்டீர்களே, வந்தவருக்கு என்ன ஆனது என்று பார்த்தீர்களா?

ராஜ் நிவாஸுக்கு எதிரே பாரதி பூங்கா. நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். பாண்டிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், கதையைக் கேட்பதில்லை. கிருஷ்ணதேவராயர் அந்த வழியாக வந்தாராம். விளக்கொளியில் ஒரு மாளிகை தெரிய, கோயில் என்று நினைத்துக் கைகூப்பி வணங்கினாராம். பிறகுதான் தெரிந்தது, அது ஆயி என்ற தாசியின் வீடு. வந்த கோபத்தில் இடிக்கச் சொன்னார். நானே இடித்துவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்ட அந்தப் பெண், வீடு இருந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது இந்தக் கதையைக் கேட்டு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மண்டபம் எழுப்பினார்கள். வரலாறா, கட்டுக்கதையா என்ற விவாதம் இங்கே வேண்டாம். எனக்குப் பிடித்தது அந்த ராஜாவின் முகம். கோயில் என்று நினைத்தவரை கும்பிடு, ஒரு பெண்ணின் வீடு என்று தெரிந்ததும் கடப்பாரை. கடிதத்தில் நீங்கள் போட்டிருக்கும் ஆச்சரியக்குறிகளைப் பார்த்தபோது அந்தக் கும்பிடுதான் ஞாபகத்துக்கு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

(அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கப்ஸ் கோயில் என்கிற தேவாலயத்துக்கு எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. 1431இல் எரித்தார்கள், 1920இல் புனிதர் என்றார்கள். இந்த வியாதி நமக்கு மட்டும் உள்ளது என்று நினைத்துவிட வேண்டாம்.)

சரி, நான் வியக்கும் பெண்மணி யார்? வெகுதூரம் போகவில்லை. இந்தப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து பஸ் ஏறினால் கடலூர் முதுநகர். ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றால்தான் கண்டக்டருக்குப் புரியும். அங்கே 1890இல் பிறந்த அஞ்சலை அம்மாள்.

1857 கலவரத்தை அடக்குகிறேன் என்று வடக்கே ஊர் ஊராக மக்களைக் கொன்ற கர்னல் நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றக் கோரி 1927இல் நடந்த சத்தியாகிரகத்துக்கு அஞ்சலை தனியாகப் போகவில்லை. ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார். இருவருக்கும் தண்டனை. பிறகு அந்த மகளைக் காந்தி தன் ஆசிரமத்துக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் வைத்தார். ஒன்பது வயதுப் பிள்ளையைப் போராட்டத்துக்கு இழுத்துப் போனது சரியா என்று கேட்டால், எனக்கே பதில் தெளிவாக இல்லை. வியக்கிறவரிடமும் கேள்வி கேட்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

உப்புச் சத்தியாகிரகத்திலும் சிறை. ஒருமுறை கர்ப்பிணியாக வேலூர் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்ததும், மீதித் தண்டனையைக் கழிக்கக் கைக்குழந்தையோடு திரும்பிப் போனார். அந்தப் பையனுக்கு 'ஜெயில் வீரன்' என்று பெயர் வந்து, ஜெயவீரன் ஆனது. நிலத்தையும் வீட்டையும் விற்றுப் போராட்டத்துக்குச் செலவழித்த குடும்பம் அது.

1934இல் காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலையைச் சந்திக்க அரசு தடை போட்டதாம். இவர் பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். காந்தி 'தென்னாட்டின் ஜான்சிராணி' என்றார் என்று சொல்வார்கள். பெரிய பட்டம்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஜான்சிராணிக்கு அரண்மனை இருந்தது, குதிரை இருந்தது, கையில் வாள் இருந்தது. அஞ்சலைக்கு இருந்தது ஐந்தாம் வகுப்புப் படிப்பு. கைக்குழந்தை விஷயத்தில் வேண்டுமானால் ஒப்பிடலாம். ஒரு பெண்ணைப் பாராட்ட இன்னொரு பெண்ணின் பெயரைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமா? அஞ்சலை என்ற பெயருக்கு என்ன குறைச்சல்?

1937இல் நீல் சிலை மவுண்ட் ரோட்டை விட்டுப் போனது. அதே வருஷம் அஞ்சலை சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போனார். மூன்று முறை உறுப்பினர். அங்கே என்ன செய்தார் என்பதைத்தான் நம் ஊர் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. புவனகிரிப் பக்கத்துத் தீர்த்தாம்பாளையத்தில் குடிதண்ணீருக்குக் கஷ்டம். வீராணத்துத் தண்ணீருக்குக் கிளைக் கால்வாய் வெட்ட வைத்தார். அதை அஞ்சலை வாய்க்கால் என்கிறார்கள். பர்தாவும் குதிரை வண்டியும் மேடைக்கு நன்றாக இருக்கும். வாய்க்கால் வெட்ட எத்தனை மனு, எத்தனை அலைச்சல், எத்தனை அதிகாரிகளின் வாசல்! அதில் நளினம் எங்கே இருந்திருக்கப் போகிறது? நான் வியப்பது அதைத்தான். 1961இல் காலமானார். நெடுங்காலம் அவரை நாம் மறந்தே போயிருந்தோம். இப்போதுதான் கட்-அவுட்டில் பார்க்க முடிகிறது.

அதே புவனகிரிப் பக்கம். 2020 அக்டோபரில் ஒரு படம் வெளியாகி நாடு முழுக்கச் சுற்றியது. ஓர் ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில். தலைவர் தரையில். அவர் பெண், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வழக்குப் பதிவானது, கைது நடந்தது. 2016 முதல் நம் மாநிலத்தில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. கடலூர் மாநகராட்சியான பிறகு வந்த முதல் மேயரே பெண்தான். சட்டம் பெண்ணை ஜெயிக்க வைத்துவிடுகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வது நம்மிடம் இருக்கிறது. யாரும் வருவதில்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். வந்துதான் இருக்கிறார்கள், தரையில் இருந்ததால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

உங்களை மட்டும் திட்டிவிட்டுப் போக மாட்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் மகளிர் தினச் சிறப்பிதழுக்காக நானே ஒரு பெண் ஊராட்சித் தலைவரைப் பார்க்கப் போனேன். முதல் கேள்வியாக, 'வீட்டையும் பார்த்துக்கொண்டு ஊரையும் எப்படிம்மா சமாளிக்கிறீங்க?' என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். 'மோட்டார் ரிப்பேர் பத்திக் கேப்பீங்கன்னு பேப்பர் எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன் சார்' என்றார். மடியில் ஒரு கட்டு பில். அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வந்தது என்று சொல்ல முடியாது. இதழில் போட்டது அவர் கோலம் போடுகிற படத்தை.

இனி பின்குறிப்பு. கவுன்சிலரின் கணவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருவிளக்குக்கு அவரிடம் சொன்னால் நடக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் போன் செய்கிறார், கையெழுத்து வேண்டுமென்றால் உள்ளே போய் வாங்கிவந்து தருகிறார். அப்படித்தானே? ஆனால் ஓட்டுச் சீட்டில் அவர் பெயர் இல்லை. மூன்று பெண்களின் நடையை மெச்சி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், உங்களுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட நாலாவது பெண்ணின் பெயரைக் கூட எழுதவில்லை. கடிதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

பேட்டிக்கு வருகிறோம். கவுன்சிலரைத்தான் பார்ப்போம். உங்கள் வார்டில் குப்பை வண்டி வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது, மன்றக் கூட்டத்தில் அவர் எதற்கு எழுந்து பேசினார், எதற்குப் பேச விடவில்லை, இதெல்லாம் கேட்பதாக இருக்கிறோம். பேட்டி முடிகிற வரை அவருடைய கணவர் கூடவே இருக்கலாம். அவர் காபி போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், சர்க்கரை மட்டும் எனக்குப் பாதி.