சந்தோஷத்தைத் தள்ளிப்போடாமல் பணச் சுதந்திரம் அடைய முடியுமா?

மாதம் 30,000 செலவாகிறது, சீக்கிரம் வேலையை விட இப்போதே எல்லாவற்றையும் சுருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

வேலையை விட்டபின் முதலீட்டிலிருந்து எடுத்தே வாழ எவ்வளவு சேர்க்க வேண்டும்? கணக்கு இதுதான்: ஆண்டுச் செலவு 3.6 லட்சம், அதன் 25 மடங்கு 90 லட்சம். இது அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்ட கணக்கு. நம்மூர் விலைவாசிக்கு நான் 30 மடங்கு, அதாவது 1.08 கோடி வைப்பேன்.

அளவாகச் செலவழிப்பதற்கு ஓர் உதாரணம்: முன்பெல்லாம் காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்'. வீடு ஒன்றுதான், அடுப்பு தனி. வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி இன்றும் நோட்டில் புளி வாங்கியதுவரை எழுதுகிறார். ஆனால் தனக்குப் பிடித்த இனிப்பான கந்தரப்பத்துக்கு என்று எடுத்துவைத்த காசில் மட்டும் கை வைக்க மாட்டார்! நீங்களும் பிடித்த செலவுக்கு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், குறைத்தே ஆக வேண்டுமென்றால் கார் தவணை போன்ற பெரிய செலவைப் பாருங்கள்.