ஒரே லேப்டாப், 28 பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

எங்கள் தொடக்கப் பள்ளியில் இருப்பது ஒரே லேப்டாப். நான்காம் வகுப்பில் 28 பேர். கணினியை எப்படிக் கற்றுத் தருவது?
– ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

முதல் நான்கைந்து வகுப்புகளுக்கு லேப்டாப்பை மூடியே வையுங்கள். மின்சாரமே இல்லாமல் கணினி அறிவியலைச் சொல்லித்தரும் பயிற்சிகள் ‘சிஎஸ் அன்பிளக்டு’ என்ற பெயரில் நியூசிலாந்திலிருந்து வந்து உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஐந்து போதும். ஒவ்வொன்றிலும் முறையே 1, 2, 4, 8, 16 புள்ளிகள் வையுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஐந்து பிள்ளைகள் முன்னால் வந்து ஆளுக்கொரு அட்டையைப் பிடிக்கட்டும். உட்கார்ந்திருப்பவர்களின் பார்வையில் இடக்கோடியில் 16, வலக்கோடியில் 1. புள்ளி தெரிந்தால் 1, திருப்பிப் பிடித்தால் 0. தெரியும் புள்ளிகளின் மொத்தமே எண்; கணினியும் எண்ணை இப்படி 0, 1 ஆகத்தான் வைத்துக்கொள்கிறது.

“ஒன்பது காட்டுங்கள்” என்றால் சிலர் சும்மா ஊகிப்பார்கள். பெரிய அட்டையிலிருந்து கேட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள்: 16 வேண்டுமா, வேண்டாம். 8 வேண்டும். 4, 2 வேண்டாம். 1 வேண்டும். ஆக, 01001. இந்த ஐந்து அட்டையில் 31 வரை எண்ணலாம். ஆறாவது அட்டையில் எத்தனை புள்ளி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். வழக்கமாக வரும் குழப்பம் ஒன்று உண்டு. அட்டை பிடித்திருப்பவர்களுக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். அவர்களை ஒருமுறை முன்னால் வந்து நின்று பார்க்கச் சொன்னால் சரியாகிவிடும்.

அடுத்தது, தரையில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம். ஒரு பிள்ளை ரோபோ, மற்றவர்கள் கட்டளை எழுதுபவர்கள். ‘வலம் திரும்பு’ என்றால் நின்ற இடத்திலேயே திரும்புவதா, வலப்பக்கக் கட்டத்துக்கு நகர்வதா என்று சண்டை வரும். வரட்டும், கணினிக்கு ஏன் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்பது அங்கேதான் புரியும். கட்டளை முழுவதையும் தாளில் எழுதி முடித்த பிறகே ரோபோ நடக்க வேண்டும். நடக்க நடக்கச் சொல்லவிட்டால் தவறை உடனுக்குடன் ஒட்டுப்போட்டுவிடுவார்கள், எந்த வரியில் பிழை என்று தேடவே மாட்டார்கள்.

அதன் பிறகு லேப்டாப்பைத் திறக்கலாம். இரண்டு இரண்டு பேராக உட்காரட்டும்: ஒருவர் சொல்ல, மற்றவர் மவுஸ் பிடிக்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். மற்றவர்களுக்குக் கட்ட விளையாட்டு தொடரட்டும்.

ஐந்தாம் வகுப்பு மகள் ஸ்கிராட்ச்சில் (கட்டளைக் கட்டைகளை அடுக்கித் திரையில் உள்ள பூனையை இயக்கும், பிள்ளைகளுக்கான நிரல் மென்பொருள்) ‘100 அடி நகர், 90 டிகிரி திரும்பு’ என்று நான்கு முறை அடுக்கினாள். பச்சைக் கொடியை அழுத்தினால் பூனை அசையவே இல்லை. ஏன்?
– ஒரு தந்தை, மதுரை

அசைந்தது. நாலாபக்கமும் சுற்றி, கண்ணுக்குத் தெரியும் முன்பே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் 0.5 விநாடி காத்திருக்கும் கட்டையைச் சேருங்கள். நான்கு முறை அடுக்குவதை விட்டு, ‘மீண்டும் செய் 4’ கட்டைக்குள் ஒரே முறை வைக்கப் பழக்குங்கள். கோடு வேண்டுமென்றால் இடக் கீழ்மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்தி, பேனா நீட்சியைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் x 0, y 0 இடத்துக்குப் போ, 90 திசை நோக்கு, எல்லாவற்றையும் அழி, பேனாவைக் கீழே வை ஆகிய நான்கும் இதே வரிசையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முந்தைய ஓட்டம் நின்ற இடத்திலிருந்தே அடுத்தது தொடங்கும்.

அடுத்து முக்கோணம் கேட்பாள். 60 போட்டால் மூடாது, 120 போட வேண்டும். பூனை திரும்புவது வெளிக்கோணம். கணக்கு டீச்சர் மகிழ்வார். ஸ்கிராட்ச்சில் நிரல் எழுத அக்கவுண்ட் தொடங்கத் தேவையில்லை. தொடங்கினால் பயனர் பெயரில் சொந்தப் பெயரும் பள்ளிப் பெயரும் வரவேண்டாம்.

“முன்பின் தெரியாதவரோடு ஆன்லைனில் பேசாதே” என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது போதுமா?
– ஒரு தாய், திருச்சி

போதாது. பத்து நாள் சேர்ந்து கேம் ஆடியவர் குழந்தைக்கு ‘தெரியாதவர்’ இல்லை, ‘அண்ணா’. ஆளை வைத்து அடையாளம் காணச் சொல்வதை விட, கேட்கப்படும் பொருளை வைத்துக் காணப் பழக்குங்கள். போட்டோ, பள்ளி அல்லது வீடு இருக்கும் இடம், அம்மா போனுக்கு வந்த ஓடிபி, “வேறு ஆப்புக்கு வா”, “வீட்டில் சொல்லாதே”. இந்த ஐந்தில் எது வந்தாலும் பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உங்களிடம் வரவேண்டும். “கேம்ல ஃப்ரீ டைமண்ட் தர்றேன், அம்மா போன்ல வந்த நம்பரைச் சொல்லு” என்பது போல நீங்களே நடித்துக் காட்டி, குழந்தையைச் செய்யவைத்துப் பாருங்கள். வெறும் அறிவுரை அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

குழந்தை வந்து சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது போனைப் பிடுங்குவது. அடுத்த முறை அது உங்களிடம் வராது. திட்டாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், பயனர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். குழந்தைகளின் ஆபாசப் படம் என்றால் ‘எச்சரிக்கை’ என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்கூடப் பகிரக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அது குற்றம். புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

என் போனில் மகன் கேம் ஆடுகிறான். தெரியாமல் எதையாவது வாங்கிவிடுவானோ?
– வாசகி, சேலம்

பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்புக் கேட்கும்படி மாற்றுங்கள். போனைக் கொடுக்கும் முன் அந்தக் கேமை மட்டும் ‘ஆப் பின்’ செய்து (திரையை அந்த ஒரு ஆப்போடு பூட்டிவைக்கும் வசதி), விடுவிக்க ரகசிய எண் (PIN) கேட்கும் தேர்வையும் இயக்குங்கள். அந்த எண்ணை அவன் எதிரில் அழுத்தாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு விரல் போகும் வழி ஒருமுறை பார்த்தாலே மனப்பாடம்.