எந்தச் சுவர், எந்த வினைல்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வினைல் என்ற ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டும் படங்களைப் பற்றியவை. ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: குழந்தையின் அறைக்குப் புது பெயின்ட் அடித்தோம். அடுத்த வாரமே ஒரு சுவர் முழுக்கக் காட்டுப் படம் அச்சடித்து ஒட்டினோம். சில நாட்களில் மேல் ஓரம் பிரிந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் முழுப் படமும் தரையில் கிடக்கிறது. கறை படிந்தால் கழுவலாம் என்ற நல்ல பெயின்ட்தான் அது. கடைக்காரர், "உங்கள் சுவர் சரியில்லை" என்கிறார். தவறு யாருடையது?

பதில்: கடைக்காரருடையது. சுவர் சரியில்லை என்றால் ஒட்டுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். எப்போது பெயின்ட் அடித்தீர்கள், என்ன வகை பெயின்ட் என்ற இரண்டு கேள்விகளை அவர் கேட்கவே இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியவை அவைதான்.

பெயின்ட் ஒரே நாளில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். உள்ளே முழுதாக இறுகுவதற்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை ஈரமும் கரைப்பானும் மெதுவாக வெளியே வந்துகொண்டிருக்கும். அதன்மேல் காற்றுப் புகாத வினைலை ஒட்டினால் அவை போக வழியில்லாமல் பசைக்குப் பின்னால் தங்கிவிடும். படம் உப்பும், பிறகு பிரியும். உங்கள் சுவரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கழுவக்கூடிய பெயின்ட்களில் கறை பிடிக்காமல் இருக்கச் சில பொருட்களைச் சேர்க்கிறார்கள். கறையை அண்ட விடாத பரப்பு பசையையும் எளிதில் அண்ட விடாது. இப்படிப்பட்ட சுவருக்கென்றே வலுவான பசை கொண்ட படலங்கள் வருகின்றன. உங்களுக்குக் கொடுத்தது சாதாரணப் பசையாக இருக்கலாம்.

கீழே விழுந்த படத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. தூசி அப்பியிருக்கும். மறு அச்சுக்கான செலவைக் கடைக்காரர் ஏற்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் புதுப் படம் வந்தவுடன் ஒட்டிவிடாதீர்கள். அதே வினைலில் உள்ளங்கை அளவுத் துண்டுகள் இரண்டு மூன்று வாங்கி, சுவரில் வெவ்வேறு இடங்களில் ஒட்டி, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தால், அந்தப் பசை அந்தச் சுவருக்கு ஆகாது.

கேள்வி: மோனோமெரிக், பாலிமெரிக், காஸ்ட் என்று மூன்று வகை சொல்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம். வீட்டுச் சுவருக்கு எது?

பதில்: வழவழப்பான உட்சுவர், ஓரிரு ஆண்டுகளுக்கான அலங்காரம் என்றால் மோனோமெரிக் போதும். காஸ்ட் வாங்கச் சொல்லி வற்புறுத்துபவர் உங்கள் பணத்தைத்தான் பார்க்கிறார்.

வித்தியாசம் இதுதான். வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக்தான், அது இயல்பில் விறைப்பானது. அதை வளையவைக்க இளக்கிகளைச் சேர்க்கிறார்கள். மோனோமெரிக்கில் அவை சிறு மூலக்கூறுகள், காலப்போக்கில் நழுவி வெளியேறிவிடும். படலம் சுருங்கும், விறைக்கும், ஓரம் தூக்கும். பாலிமெரிக்கில் மூலக்கூறுகள் நீளம், அதனால் அவ்வளவு எளிதில் இடம்பெயராது. இந்த இரண்டு வகைகளையும் சூடான உருளைகளுக்கு இடையே நசுக்கி நீட்டித்தான் செய்கிறார்கள். நீட்டப்பட்ட படலம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், அதுவும் சுருக்கத்துக்கு ஒரு காரணம். காஸ்ட் வகையைத் திரவமாக ஊற்றிச் சூட்டில் இறுகவைக்கிறார்கள். நீட்டலே கிடையாது என்பதால் சுருக்கம் மிகக் குறைவு. தடிமனும் 50 மைக்ரான் அளவுதான், மற்றவை பெரும்பாலும் 70 முதல் 100 வரை போகும். தடிமனாக இருப்பதுதான் தரமானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். செங்கல், சொரசொரப்பான பூச்சு, வளைவு என்றால் மட்டும் காஸ்ட்டுக்குச் செலவு செய்யுங்கள். சூடாக்கி உருளையால் அழுத்தினால் அதுதான் பள்ளம் மேட்டில் படியும்.

கேள்வி: வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து, வெளிச்சுவரில் ஒட்டலாமா?

பதில்: கூடாது. நீரில் கரையும் சாய மை என்றால் முதல் மழையிலேயே வழிந்துவிடும்.

கேள்வி: வாடகை வீடு. காலி செய்யும்போது பெயின்ட் பெயராமல் வர வேண்டும். எந்த வகை வாங்கலாம்?

பதில்: பாலியஸ்டர் துணியில், எடுத்து மறுபடி ஒட்டக்கூடிய பசை தடவி வருகிற பொருளைக் கேளுங்கள். துணி என்பதால் உரிக்கும்போது கிழியாது, வினைல் போல இழுபட்டு நீளாது. தனி ஆளாகவே ஒட்டிவிடலாம், கோணலாகப் போனால் எடுத்துத் திரும்ப ஒட்டலாம். பிவிசி வேண்டாம் என்பவர்களுக்கும் இது பொருந்தும். விலை சற்றுக் கூடுதல், பரவாயில்லை.

வினைல்தான் வேண்டும் என்றால் நீக்கக்கூடிய பசை உள்ளதை வாங்குங்கள். ஆனால் ஒட்டிய அன்று இருக்கும் பிடிமானம் அப்படியே நிற்காது. அழுத்தத்தால் ஒட்டும் பசைகள் முதல் ஓரிரு நாட்களில் வேகமாகவும், அப்புறம் மெதுவாகவும் பிடியை ஏற்றிக்கொண்டே போகும். எத்தனை மாதம் வரை சுத்தமாக உரியும் என்று தயாரிப்பாளர் ஒரு காலம் சொல்லியிருப்பார். அதைத் தாண்டினால் பொறுப்பு உங்களுடையது. இன்னொன்று, பெயின்ட் தன் அடியில் உள்ள புட்டியோடு ஒழுங்காகப் பிடித்திருக்காவிட்டால் எந்தப் பசையும் அதைப் பெயர்த்துவிடும். மூலையில் டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் அந்தச் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள், சட்டம் போட்டுப் படத்தை மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: "ஏழு ஆண்டு உழைக்கும்" என்று விளம்பரம் செய்த வினைலில் அச்சடித்து, கடையின் வெளிச்சுவரில் ஒட்டினோம். இரண்டாம் ஆண்டே நிறம் வெளுத்துவிட்டது. கேட்டால், "ஏழு ஆண்டு படலத்துக்கு மட்டும்தான்" என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. இதைப் பற்றி நான் பல முறை எழுதியாயிற்று, நிறுத்தப்போவதும் இல்லை.

அந்த ஏழு ஆண்டு எங்கிருந்து வருகிறது? தயாரிப்பாளர் ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு தொழில்நுட்பத் தாள் வெளியிடுகிறார். அதில் ஆயுள் என்று ஓர் எண் இருக்கும். அதன் கீழேயே சின்ன எழுத்தில் நிபந்தனைகளும் இருக்கும். பெரும்பாலும் அந்த எண் அச்சடிக்காத படலத்துக்கு, செங்குத்தாக நிற்கும் பரப்பில், மத்திய ஐரோப்பா போன்ற மிதமான தட்பவெப்பத்தில். அச்சடித்துவிட்டால் மையின் ஆயுள்தான் கணக்கு. கடும் வெயில் பட்டாலோ வானம் பார்த்த சாய்வான பரப்பானாலோ ஆண்டுகள் கடகடவென்று குறையும். மேலே பாதுகாப்பு லேமினேஷன் போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். விற்பவர் நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் பலகையில் எழுதுகிறார். நீங்கள் வாங்கியது அச்சடித்த படம். அச்சடிக்காத வெள்ளைப் படலத்தின் ஆயுளைச் சொல்லி அதை விற்றது ஏமாற்று.

பிடிமானத்துக்கும் இதே கதைதான். தாளில் போட்டிருக்கும் பிடிமான எண் பொதுவாகக் கண்ணாடி மேலோ எஃகுத் தகட்டின் மேலோ அளந்தது. 25 மில்லிமீட்டர் அகலத் துண்டை ஒட்டி, 20 நிமிடமோ 24 மணி நேரமோ கழித்து, நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் 180 பாகையில் உரித்துப் பார்க்கிறார்கள். இரண்டு படலங்களை ஒப்பிட இது மிகவும் பயனுள்ள எண். உங்கள் வீட்டு எமல்ஷன் சுவரில் அது எப்படி நிற்கும் என்று மட்டும் அது சொல்லாது. அதைச் சொல்ல உங்கள் சுவரால்தான் முடியும். அதனால்தான் சோதனைத் துண்டு ஒட்டிப் பாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

பிரீமியம், இம்போர்ட்டட், ஹை குவாலிட்டி எதுவும் பொருளின் பெயரே அல்ல. தயாரிப்பாளர் யார், படலத்தின் குறியீட்டு எண் என்ன, பசை நிரந்தரமானதா நீக்கக்கூடியதா, எந்த மை, எந்த லேமினேஷன் என்று கேட்டு, பதில்களை பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஒருமுறை தள்ளுபடியில் எனக்கு ஒரு ஒட்டும் துணி ரோல் விற்றார்கள். பெட்டியில் உற்பத்தித் தேதி இருந்த லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது, போக்குவரத்தில் கிழிந்தது என்றார்கள். பிரித்துப் பார்த்தபோது ஓரங்களில் பசை இறுகிப்போய், பின்தாளை உரித்தால் துணியில் பசையே திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. திரும்ப எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். இந்தப் பொருட்களுக்குக் கிடங்கு ஆயுள் உண்டு, பலவற்றுக்கு ஓரிரு ஆண்டுதான். தேதி இல்லாத ரோல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

நீங்கள் விளம்பரத்தின் படத்தையும் பில்லையும் வெளுத்த சுவரின் படத்தையும் சேர்த்து, நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போங்கள். விளம்பரத்தில் நிபந்தனை இல்லை என்பதே உங்களுக்குச் சாதகம்.

கேள்வி: இணையத்தில் வினைல் தாள் கட்டு ஒன்று வாங்கி, அலுவலக லேசர் பிரின்டரில் போட்டேன். உள்ளே உருகி ஒட்டிக்கொண்டது. பிரின்டர் பழுது. தாள் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: உறையில் இங்க்ஜெட்டுக்கு மட்டும் என்று போட்டிருந்ததா? உங்கள் கடிதத்தோடு வந்த படத்தில் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. லேசர் பிரின்டரில் மைத்தூளைத் தாளில் பதியவைக்கும் உருளை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டை பிவிசி தாங்காது. உறையை ஒரு முறை படித்திருந்தால் பிரின்டர் பிழைத்திருக்கும். நஷ்டஈடு கிடைக்காது.

கேள்வி: பாலிமெரிக் வினைல், மேட் லேமினேஷன் என்று பேசிப் பணம் கொடுத்தோம். சில மாதங்களிலேயே பட்டைகளுக்கு இடையே சுவர் தெரிகிறது. மலிவானதை ஒட்டிவிட்டார்கள் என்று சந்தேகம். எப்படி நிரூபிப்பது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. இணைப்புகள் இவ்வளவு சீக்கிரம் விலகுவது சுருக்கத்தின் அடையாளம். முதலில் மிச்சத் துண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். பின்தாளில் பல தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரை அச்சிட்டிருப்பார்கள், சிலர் குறியீட்டையும் போட்டிருப்பார்கள். லேமினேஷன் இருக்கிறதா என்று ஒரு மூலையை உரித்துப் பார்த்தால் தெரியும், இரண்டு அடுக்கு பிரிய வேண்டும். தடிமனை அளந்து மட்டும் வகையைக் கண்டுபிடிக்க முடியாது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். இடைவெளிகளை அளவுகோல் வைத்துத் தேதியோடு படமெடுங்கள். ரோல் வாங்கிய பில்லைக் காட்டச் சொல்லி அவர்களுக்கு எழுத்தில் கேளுங்கள். உண்மையான பொருளைப் போட்டவர் அதைக் காட்டத் தயங்க மாட்டார்.

கேள்வி: சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். எக்கோ சால்வென்ட் மையில் அச்சடித்து உடனே லேமினேட் செய்து கொடுக்கிறேன். ஒட்டியபின் ஓரம் சுருண்டுவிடுகிறது. வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள்.

பதில்: அவர்கள் திட்டுவது சரி. மையில் உள்ள கரைப்பான் ஆவியாகும் முன் மூடிவிட்டீர்கள். அது படலத்தையும் பசையையும் இளக்கிவிடுகிறது. குறைந்தது 24 மணி நேரம், அடர்த்தியான நிறங்களுக்கு 48 மணி நேரம் ஆறவிடுங்கள். இறுக்கமாகச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, தளர்வாகச் சுற்றி நிமிர்த்தி வைத்தால்தான் காற்றோட்டம் இருக்கும். அவசர வேலை அதிகம் என்றால், அச்சடிக்கும்போதே சூட்டில் இறுகிவிடும் லேடெக்ஸ் மைக்கு மாறுவதை யோசியுங்கள். அதை அச்சடித்த கையோடு லேமினேட் செய்யலாம்.

கேள்வி: கருநீலச் சுவரில் வெளிர்நிறப் படம். அடி நிறம் தெரியுமா?

பதில்: சாதாரண வெள்ளை வினைலில் தெரியும். சாம்பல் நிறப் பசை உள்ளதைக் கேளுங்கள், அது அடி நிறத்தை மறைக்கும்.

கேள்வி: மழலையர் பள்ளியின் நடைபாதைச் சுவர் முழுக்கப் படம் ஒட்டப்போகிறோம். தீப் பாதுகாப்புச் சான்று வேண்டுமாம். விற்பவர் படலத்தின் சான்றைக் காட்டுகிறார். போதுமா?

பதில்: போதாது. நீங்கள் கேட்டதே நல்ல விஷயம். படலம், பசை, லேமினேஷன் மூன்றும் சேர்ந்து, குறிப்பிட்ட வகைச் சுவர்ப்பரப்பில் ஒட்டிச் சோதித்த சான்று வேண்டும். ஐரோப்பிய முறையில் ஈஎன் 13501-1, அமெரிக்க முறையில் ஏஎஸ்டிஎம் ஈ84 என்று அதில் எழுதியிருக்கும். லேமினேஷனை மாற்றினாலே அந்தச் சான்று செல்லாமல் போகலாம். உங்கள் பகுதியின் தீயணைப்புத் துறை எதை ஏற்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். குழந்தைகள் புழங்கும் இடம், விற்பவரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய வினைல். உரித்தால் துண்டு துண்டாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: ஹேர் டிரையரால் சிறு பகுதியைச் சூடாக்கி, வினைலைச் சுவருக்கு இணையாகப் பின்னோக்கி மடித்து, மெதுவாக இழுங்கள். வெளிப்பக்கமாக நேராக இழுத்தால் பெயின்ட்டோடு வரும். மிஞ்சும் பசைக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள், பெயின்ட் கரைகிறதா என்று மறைவான மூலையில் முதலில் பார்த்துவிட்டு.