யாங்சி ஆற்றில் சுற்றுலாக் கப்பல் அணையை எப்படித் தாண்டுகிறது?

சீனாவின் சூதாங், வூ, ஷீலிங் பள்ளத்தாக்குகள் வழியாகப் போகும் கப்பல்களுக்குக் குறுக்கே நிற்பது மூன்று பள்ளத்தாக்கு அணை. இருபுற நீர்மட்ட வித்தியாசம் 100 மீட்டரையும் தாண்டும். அதைக் கடக்க உதவுவதுதான் 'லாக்': இரு முனையிலும் கதவு வைத்த பிரம்மாண்டமான கான்கிரீட் தொட்டி.

வாளியில் ஒரு பிளாஸ்டிக் மக்கை மிதக்கவிட்டுக் குழாயைத் திறந்தால், தண்ணீரோடு மக்கும் மேலே வரும். அவ்வளவுதான் விஷயம். கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, மேல்மட்ட நீரைத் திறந்துவிடுவார்கள். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்தால் போதும்.

இங்கே இப்படி ஐந்து தொட்டிகள் அடுத்தடுத்து; ஒவ்வொன்றும் 280 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். முழுதாகக் கடக்க மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். தளத்தில் நின்றால் ஈரச் சுவர் மெல்லக் கீழே நழுவுவது தெரியும். கப்பல் அசைவதே தெரியாது. முதல் இரண்டு தொட்டிகள் சுவாரஸ்யம், அப்புறம் தூக்கம்தான். அவசரக்காரர்களுக்கு 2016-இல் வந்த கப்பல் லிஃப்ட் இருக்கிறது. 3,000 டன் வரையிலான கப்பல்களை ஏற்றி இறக்கும்.

ராட்சத பம்புகள் தண்ணீரை மேலே இறைத்துக் கப்பலைத் தூக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மேலிருக்கும் நீர் தன் எடையிலேயே தொட்டிக்குள் பாய்கிறது, மின்சாரம் தேவைப்படுவது கதவுகளையும் மதகுகளையும் இயக்கத்தான்.