உப்புக்காற்றில் இன்டர்காம்: ஒயரை முதலில் முடிவு செய்யுங்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கடலுக்குப் பக்கத்தில் மாடி வீடு. வீட்டிலிருந்து கேட் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி. மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து போக முடியவில்லை. ஒயர் இல்லாத டோர் போன் வாங்கி மாட்டினோம். எட்டே மாதத்தில் ஊமையாகிவிட்டது. இப்போது சுவர் பூச்சு வேலை நடக்கிறது. எந்தக் கம்பெனி இன்டர்காம் வாங்கலாம்?"

கம்பெனியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் சகோதரி. பூச்சு முடிவதற்குள் எழுதினீர்களே, அதுதான் நல்ல காரியம். நம் கடற்கரையில் இன்டர்காமைக் கொல்வது பெரும்பாலும் உப்பு. அது முதலில் பிடிப்பது ஒயர் இணைப்புகளை. தேவிபட்டினத்தில் ஒரு வீட்டுக் கேட் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கருவி புதிது போலப் பளபளத்தது. பின்னால் முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. விரலால் தொட்டதும் கம்பி பொடியாக உதிர்ந்தது.

ஆகவே கேட்டிலிருந்து வீடு வரை நடுவில் ஒட்டே இல்லாத ஒரே ஒயர் போடச் சொல்லுங்கள். அது முழுச் செம்பாக இருக்கவேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரும் கடையில் கிடைக்கிறது, விலை குறைவு. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உப்பு ஈரத்தில் அலுமினியமும் செம்பும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும்.

கேட்டைப் படுத்தபடியே திறக்க மின்பூட்டும் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குத் தனி ஒயர் வேண்டும். அரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் போக 30, வர 30 என்று 60 மீட்டர் ஓடினால் சுமார் 2 ஓம் தடை வரும். பூட்டு 1 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். பூட்டு முனகும், திறக்காது. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் நிற்கும். காந்தப்பூட்டு வேண்டாம், கரண்ட் போனால் கேட் தானாகத் திறந்துகொள்ளும். பொத்தானை அழுத்தும்போது மட்டும் திறக்கும் பூட்டு வாங்கி, சாவியையும் கையில் வைத்திருங்கள். இன்டர்காமை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள்.

இந்த ஒயர்களுக்கு 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் போதும். 230 வோல்ட் ஒயரை அதே பைப்பில் விடக்கூடாது. விட்டால் பேச்சில் இரைச்சல் கேட்கும், ஆபத்தும் உண்டு. மாடிக்கும் இப்போதே ஒரு பைப் விட்டுவைத்தால் பிறகு சுவரை உடைக்க வேண்டியதில்லை.

கேட் பெட்டியில்தான் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் தவறுவார்கள். சுற்றிலும் சிலிக்கோன் பசை பூசி அடைத்துவிடுவார்கள். மேலேயும் இரு பக்கமும் மட்டும் பூசவேண்டும். உள்ளே வியர்க்கும் நீர் வடிய அடியில் வழி விடவேண்டும். ஒயர் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறி நுழைந்தால், அதன் வழியாக வரும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஸ்க்ரூக்கள் 316 தர எஃகில் இருக்கட்டும். சாதாரண எவர்சில்வரும் இங்கே பழுப்பேறிவிடுகிறது.

கேட் பெட்டியின் கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் வந்தவர் முகம் தெரியும். அது கிழக்கே பார்த்தால் காலை வெயில் நேராக லென்சில் அடித்து, வந்தவர் வெறும் நிழலாகத் தெரிவார். வாடைக்காலச் சாரலும் நேராக அடிக்கும். கேட் தூணின் பக்கவாட்டில் வைத்து மேலே சிறு கூரை போடுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கவேண்டும், ஆனால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால். போர் தண்ணீரில் துடைத்தால் மேலும் உப்பைத்தான் பூசுவீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால், உள்ளூரில் பழுதுபார்க்க ஆள் கிடைக்கும் எந்தக் கம்பெனியும் சரிதான். நாளைக் காலை கொத்தனார் வருமுன் அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொல்லுங்கள். விரல் எட்டும் இடத்தில் சுவரில் சாக்பீசால் ஒரு குறி போடுங்கள். ஹாலில் அழகாகத் தெரியும் இடத்தில் அல்ல, அங்கேதான் கேட்டில் வந்தவரைக் காட்டும் இன்டர்காம் திரை வரவேண்டும்.