நுரைத்தோடும் மலையாற்றில் ராஃப்டிங்: திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். ரிஷிகேசத்துக்கு மேலே கங்கையில் பதினொரு பருவங்கள் ராஃப்டிங் கைடாக வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். மலையாற்றில் காற்றடைத்த ரப்பர் படகில் இறங்குவதைப் பற்றி அம்பாசமுத்திரம், தென்காசி, பாளையங்கோட்டை வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறேன்.

அண்ணாச்சி, ஐந்து வயதிலிருந்து தாமிரபரணியில் நீந்துகிறவன் நான். எனக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்தானா? (விக்கிரமசிங்கபுரம், கல்லூரி மாணவர்)

கட்டாயம்தான், தம்பி. நீச்சல் தெரியாதவரைவிட உங்களைப் பற்றித்தான் கைடுக்குக் கவலை அதிகம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாறைகளுக்கிடையே நுரைத்து வெள்ளையாக ஓடும் நீரில் பாதிக்குப் பாதி காற்று கலந்திருக்கலாம். அந்த நுரை, படித்துறைத் தண்ணீர் தாங்குவது போல உடம்பைத் தாங்காது. கை வீசினாலும் பிடிப்புக் கிடைக்காது. எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரராக இருந்தாலும் வாய்க்குக் காற்று எட்டும் உயரத்தில் தலையை வைத்திருப்பது ஜாக்கெட்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து நம் பழக்கத்திலேயே இருக்கிறது. நம் ஆற்றில் கால் தட்டினால் உடனே எழுந்து நின்றுவிடுவோம். அப்படி நின்று நின்றுதான் நீச்சலே பழகினோம். ஓடும் மலையாற்றில் அப்படி நிற்க முயன்றால் பாதம் இரண்டு கற்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் நீர் உடம்பை முன்பக்கமாகச் சாய்த்து அழுத்திவிடும். முழங்கால் ஆழத்திலும் இப்படி உயிர் போயிருக்கிறது. ஆகவே விழுந்தவுடன் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, விரல் நுனிகள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். எதிர்ப்படும் பாறையைப் பாதத்தால் உதைத்து விலக்கிக்கொள்ளலாம். வேகம் தணிந்து, கை தரையைத் தொடும் அளவுக்கு ஆழம் குறைந்த பிறகுதான் எழுந்து நிற்க வேண்டும்.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் பருவத்தில், ரிஷிகேசத்துக்கு மேலே உள்ள சிவபுரிக்குக் கீழே ஒரு ரேபிடில், அதாவது ஆறு பாறைகளுக்கிடையே வேகமெடுத்து நுரைத்துப் பாயும் இடத்தில், படகிலிருந்து தெறித்து விழுந்தேன். கால் தட்டியது, அம்பை ஆற்றுப் புத்தி, எழுந்து நிற்கப் பார்த்தேன். மூத்த கைடு "பைர் ஊப்பர், பைர் ஊப்பர்" என்று கத்திக்கொண்டே இருந்தார். காலைத் தூக்கு என்று அதற்கு அர்த்தம் என்பது அன்றைக்கு எனக்கிருந்த இந்திக்கு எட்டவில்லை. இடது கால் கல்லிடுக்கில் இறங்கி இறுகியது. செருப்பின் வார் அறுந்ததால் பாதம் உருவிக்கொண்டு வந்தது. செருப்பு கங்கைக்குப் போயிற்று.

ரேபிடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுக்கிறார்களே, அது எதைக் கொண்டு? (பாளையங்கோட்டை, வங்கி ஊழியர்)

உலகெங்கும் ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படி சிற்றலை. இரண்டாவதில் அலை இருக்கும், வழியும் தெளிவாகத் தெரியும். மூன்றாவதில் அலைகள் ஒழுங்கற்று எழும். படகைத் திருப்பிச் செலுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நான்காவதில் கைடின் கணக்கு ஒன்று தவறினாலும் படகு கவிழும். ஐந்தாவது, தேர்ந்தவர்கள் கரையில் இறங்கி நடந்து பார்த்து முடிவெடுப்பது. ஆறாவதைக் கடக்க முடியாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த எண் பாறையில் செதுக்கி வைத்ததல்ல. நீர்மட்டம் ஏறினால் மூன்று நான்காகும். சில இடங்களில் பாறைகள் நன்றாக மூழ்கிவிடுவதால் மூன்று இரண்டாகவும் ஆகும். ஆயிரம் கனஅடி என்று செய்தியில் படிக்கிறோம்; அது நொடிக்கு ஏறத்தாழ 28,300 லிட்டர், அதாவது 28 டன் தண்ணீர். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உடம்பின்மேல் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. அதனால்தான் நேற்று எளிதாகத் தெரிந்த ஆறு இன்று வேறோர் ஆறாக இருக்கிறது.

கைடு பின்னால் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்? எல்லாம் ஒரே நுரையாகத்தானே தெரிகிறது? (தென்காசி, ஆசிரியை)

நல்ல கேள்வி, அக்கா. வாசிக்கத் தெரிந்தவருக்கு ஆற்றின் மேற்பரப்பு, அடியில் இருப்பதைச் சொல்லிவிடும். இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் ஆப்பு வடிவத்தில் வழவழப்பாக இறங்கி, அந்த ஆப்பின் கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அங்கே ஆழம் இருக்கிறது, அதுவே வழி. கூர்முனை மேல்நோக்கி, நம்மைப் பார்த்து இருந்தால் அந்த முனைக்கு அடியில் பாறை ஒளிந்திருக்கிறது. எதிரே நிற்கும் பாறையில் நீர் மோதி மெத்தென்று உப்பி நின்றால் அது பெரிய ஆபத்தல்ல. அந்த உப்பலே படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கைடுகள் இதற்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினால் தலையணை என்றுதான் வரும். நம் பாபநாசத்துத் தலையணை என்ற அணைக்கட்டு வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேகமாக மோத வேண்டிய நீர் உப்பாமல் சத்தமின்றி மறைகிறதென்றால், பாறையின் அடிப்பகுதி குடையப்பட்டு நீர் உள்ளே போகிறது என்று பொருள். எந்தக் கைடும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

இதில் பாதியை நீங்கள் ஊரிலேயே பார்க்கலாம். 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் நின்று, வெள்ளம் சற்று ஏறியிருக்கும் நாளில் தூண்களின் கீழ்ப்புறத்தை, அதாவது ஆறு ஓடிப்போகும் பக்கத்தைப் பாருங்கள். ஆறு ஒரு திசையில் ஓடிக்கொண்டிருக்க, தூணுக்குப் பின்னால் இருக்கும் நீர் மட்டும் மெதுவாக எதிர்த்திசையில் திரும்பி வரும். அடித்து வரப்பட்ட ஆகாயத்தாமரை அங்கே நின்று வட்டமிடும். அந்த எதிரோட்டம்தான் கைடுக்குச் சத்திரம். இரண்டு ரேபிடுகளுக்கு நடுவே படகை அதற்குள் செருகி நிறுத்தி, பின்னால் வருகிற படகுகளுக்குக் காத்திருப்பார். ஓட்டமும் எதிரோட்டமும் உரசும் கோட்டைத் தாண்டும்போது படகு சட்டென்று திரும்பும். முதல்முறை வருகிறவர்கள் பலர் பெரிய அலையில் விழுவதில்லை. அலை முடிந்துவிட்டது என்று துடுப்பைத் தளர்த்திச் சிரிக்கிற இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

தலையணைக்குக் கீழே குளிக்கப் போகிறவர்கள், இடுப்பளவுத் தண்ணீராகத் தெரிந்தும் ஏன் வெளியே வர முடியாமல் போகிறார்கள்? (அம்பாசமுத்திரம், விவசாயி)

ஐயா, ராஃப்டிங் கைடுகள் எல்லா நாட்டிலும் அஞ்சுவது அருவியைவிடத் தடுப்பணையைத்தான். தடுப்பின் மேல் வழியும் நீர் நேராக அடிக்குப் போகிறது. அது விட்டுச்சென்ற பள்ளத்தை நிரப்ப, மேற்பரப்பு நீர் கீழ்ப்புறத்திலிருந்து திரும்பித் தடுப்பை நோக்கி வருகிறது. அதில் அகப்பட்ட கட்டையோ தேங்காயோ தடுப்புக்கு வரும், அடியில் அமுங்கும், சற்றுத் தள்ளி எழும், மறுபடி தடுப்புக்கே வரும். மனிதனுக்கும் அதே கதிதான்.

இயற்கையான ரேபிடிலும் இத்தகைய குழிகள் உண்டு. ஆனால் அவற்றின் ஓரங்கள் பெரும்பாலும் ஒழுங்கற்றவை. இரு ஓரங்களும் கீழ்ப்புறமாக வளைந்திருந்தால் நீரே ஆளை ஓரத்தில் துப்பிவிடும். மேற்புறமாக வளைந்திருந்தால் நடுவுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டதை விலக்கித்தான் கைடு வழி பிடிப்பார். மனிதன் கட்டிய தடுப்போ கரையிலிருந்து கரை வரை ஒரே நேர்கோடு. ஓரம் என்ற ஒன்றே இல்லை. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. சரிவான கல்கட்டு ஆனதால் எல்லா நாளும் அவை இப்படி இழுப்பதில்லை. மடைதிறந்து நீர் கனமாக வழியும் நாளில் நம்பக்கூடாது.

அகப்பட்டுக்கொண்டால் மேற்பரப்பில் எதிர்நீச்சல் போட்டுப் பயனில்லை. மூச்சை இழுத்து அடியோட்டத்தோடு அமுங்கினால், அடியில் ஓடும் நீர் மட்டுமே கீழ்ப்புறம் போவதால், அது சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் விடக்கூடும். கரையில் இருப்பவர் குதிக்கவே கூடாது. கயிறு எறியலாம், நீண்ட கம்பை நீட்டலாம், மூடிய காலிக் கேனைக் கயிற்றில் கட்டி வீசலாம். எங்கள் படகுகளில் பதினைந்து இருபது மீட்டர் மிதக்கும் கயிற்றைச் சிறு பைக்குள் அடைத்து வைத்திருப்போம். அதைப் பிடித்தவர் கயிற்றைத் தோள்மேல் போட்டு, மல்லாந்து கிடக்க வேண்டும். கையில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக்கூடாது. இறுகினால் விட முடியாமல் போய்விடும்.

இவ்வளவு வேகமான ஆற்றை வைத்துக்கொண்டு, பாபநாசத்தில் ராஃப்டிங் ஏன் தொடங்கவில்லை? (கடையம்)

மலைப்பகுதி முழுவதும் 1988இல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. மேலே ஆறு அருவியருவியாக விழுகிறது, நடுவில் அணைகள். கீழே இறங்கியதும் வரிசையாக அணைக்கட்டுகள். படகு ஓட வேண்டிய நடுத்தரச் சரிவு நீளமாக எங்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அங்கே வேண்டாம் என்பதே என் கருத்து. நீர்நாய் திரியும் ஆற்றில் ஒரு நாளைக்கு நாற்பது படகுகள் இறங்கி என்ன ஆகும் என்பதைக் கங்கைக் கரையில் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

அப்படியானால் எங்கே, எந்த மாதத்தில் போகலாம்? (திருநெல்வேலி நகரம்)

கர்நாடகத்துத் தாண்டேலியில் காளி ஆறும், மகாராஷ்டிரத்துக் கோலாடில் குண்டலிகா ஆறும் அணைநீரை நம்பி ஓடுபவை. மின் உற்பத்திக்கு நீர் திறந்தால்தான் அங்கே ரேபிடே உண்டு. குண்டலிகாவில் காலையில் திறக்கும் நீரோடு சேர்ந்துதான் படகுகள் இறங்கும். தாமதமாகப் போனால் கற்களைத்தான் பார்க்கலாம். குடகில் பரபொளெ ஆறு தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை. நமக்குக் குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாட்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கங்கையில் செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜூன் வரை; ஜூலை, ஆகஸ்டில் மூடிவிடுவார்கள். ரிஷிகேசத்துக்கு வந்து சேரும்படி பிரம்மபுரியிலிருந்து 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, கௌடியாலாவிலிருந்து 36. முதல்முறை போகிறவருக்குச் சிவபுரியே போதும். கௌடியாலா வழியில் 'தி வால்' என்ற நான்காம் படி ரேபிட் இருக்கிறது. பாறைச் சுவரில் மோதித் திரும்பும் அந்த நீரில் எத்தனையோ படகுகள் கவிழ்ந்திருக்கின்றன. மார்கழி, தையில் போகிறவர்களுக்கு இன்னொன்று: பனி உருகிய அந்த நீரில் விழுந்ததும் நெஞ்சு தானாகவே விம்மி மூச்சை இழுக்கும். அந்த முதல் ஒரு நிமிடம் வாயை நீருக்கு மேலே வைத்திருந்தால் போதும், பிறகு மூச்சு ஒழுங்குக்கு வந்துவிடும்.

நல்ல நிறுவனம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (சங்கரன்கோவில்)

விலையைக் கேட்பதற்கு முன் ஜாக்கெட்டைப் பாருங்கள். போட்டுப் பட்டைகளை இறுக்கியபின், தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது தளர்ச்சி. நீரில் ஜாக்கெட் மிதக்கும், நீங்கள் அதற்குக் கீழே இருப்பீர்கள். நான் தொடக்கத்தில் வேலை பார்த்த ஓரிடத்தில் உடைந்த கொக்கிகளுக்குப் பதில் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "கஸ்டமர் முடிச்சையா பார்க்கப் போகிறார்?" என்றார்கள். பாருங்கள், கட்டாயம் பாருங்கள். படகு தனியாக இறங்குகிறதா, கூடவே மீட்புக்கு ஒரு கயாக்கோ (ஒருவர் ஓட்டும் ஒல்லிப் படகு) இன்னொரு படகோ வருகிறதா என்று கேளுங்கள். இறங்குவதற்கு முன் கரையில் கால்மணி நேரமாவது கட்டளைகளைச் சொல்லிப் பழக்காத கைடோடு போகாதீர்கள்.

பத்து வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா? (தென்காசி, ஒரு தாய்)

கங்கையில் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. வேண்டாம், தங்கச்சி. அவன் விரும்பினால் ஒகேனக்கல்லில் பரிசலில் கூட்டிப் போங்கள். அங்கேயும் ஜாக்கெட் போட்டே.

படகு கவிழ்ந்து அதன் அடியில் மாட்டிக்கொண்டால்? (சேரன்மகாதேவி)

எல்லோரும் பயப்படுவது இதற்கு, ஆனால் இது அவ்வளவு மோசமில்லை. கவிழ்ந்த படகுக்கும் நீருக்கும் நடுவே பெரும்பாலும் சிறிது காற்று இருக்கும். கைகளைத் தலைக்கு மேலே நீட்டிப் படகைத் தொட்டு, ஏதாவது ஒரே திசையில் கைமாற்றிக் கைமாற்றி நகருங்கள். இரண்டு மூன்று எட்டில் ஓரம் வந்துவிடும். திசையை மாற்றிக்கொண்டே இருப்பவர்தான் உள்ளேயே சுற்றுவார். வெளியே வந்ததும் படகின் மேற்புறத்தில், அதாவது ஆறு வரும் பக்கத்தில் இருங்கள். கீழ்ப்புறம் இருந்தால் பாறைக்கும் படகுக்கும் நடுவே நசுங்க நேரிடும்.

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரலாமா? வேறு என்ன காயம் வரும்? (வீரவநல்லூர்)

கண்ணாடியைக் கயிறு கட்டித் தலைக்குப் பின்னால் இறுக்கிவிட்டால் வரலாம். காயத்தைப் பொறுத்தவரை, பதினொரு பருவத்தில் நான் அதிகம் பார்த்தது உடைந்த பல். துடுப்பின் மேல்நுனியில் குறுக்காக ஒரு பிடி இருக்கும். பெரிய அலை வரும்போது பயத்தில் அதை விட்டுவிட்டுப் படகின் கயிற்றைப் பிடிப்பார்கள். காற்றில் சுழலும் அந்தப் பிடி பக்கத்திலிருப்பவரின் வாயில் போய் இடிக்கும். உள்ளங்கை அந்தப் பிடியை விடவே கூடாது. படகைப் பிடிக்கச் சொன்னால் மற்றக் கையால் பிடியுங்கள்.